மாசிப் பனியில் இரண்டு இரவு: நாட்டுப்புற இசை விழாவில் எதைக் கேட்கலாம், எங்கே உட்காரலாம்

கடலூர் மாவட்டத்தில், கெடிலக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் மாசி மாதம் நடந்த நாட்டுப்புற இசை விழாவைப் பற்றிய மதிப்பீடு இது. அனுமதி இலவசம். முதல் இரவு பள்ளி மைதானத்தில் மேடை போட்டு பறை, பம்பை உடுக்கை, நையாண்டி மேளம். மறுநாள் இரவு, அறுவடை முடிந்த வயலில் விடிய விடியத் தெருக்கூத்து. கலைஞர்களைத் தேர்ந்தெடுத்த விதத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒலியமைப்புதான் முதல் இரவைக் கெடுத்தது. ஒரு நாள்தான் வர முடியும் என்றால் கூத்துக்கு வாருங்கள்.

பறையிலிருந்து தொடங்குவோம். ஏழு மணி என்று போட்டிருந்த பறையாட்டம் எட்டேகாலுக்குத்தான் மேடை ஏறியது. தாமதம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தத் தாமதம் தோலுக்கு என்ன செய்தது என்பதுதான் வருத்தம். பறையின் தோல் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் இளகும், இளகினால் சுருதி இறங்கும். கடலோரக் காற்றும் மாசிப் பனியும் சேர்ந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அதனால்தான் அடிப்பதற்குச் சற்று முன்னால் வைக்கோல் மூட்டிக் காய்ச்சுகிறார்கள். தீயிலிருந்து ஒரு கை தூரத்தில் தோலைக் காட்டி, வட்டமாகத் திருப்பிக்கொண்டே விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் கணீரென்று ஏறியதும் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் காட்டினால் தோல் கருகும், இல்லையென்றால் தோலை ஒட்டிய புளியங்கொட்டைப் பசை விட்டு, வட்ட மரச்சட்டமான கட்டையிலிருந்து விளிம்பு எழும்பும்.

இங்கே பாதுகாப்பு கருதி மேடை அருகே தீ மூட்ட விடவில்லை. பள்ளிக்குப் பின்புறம்தான் காய்ச்சினார்கள். அங்கிருந்து பறைகளைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்தால் மூன்று வாழ்த்துரை பாக்கி. பனியில் காய்ச்சிய பறை அரை மணி நேரம் தாங்கினாலே பெரிது. பேச்சு முடிந்து முதல் அடி விழுந்தபோது ‘பொத் பொத்’ என்றுதான் கேட்டது. இப்படி இளகும்போது முதலில் காணாமல் போவது சிண்டுக்குச்சியின் சத்தம். வலது கையின் அடிக்குச்சி கனமானது, அது எப்படியும் கேட்டுவிடும். இடது கையில் இருக்கும் மெல்லிய மூங்கில் குச்சியான சிண்டு தரும் ‘சட சட’ இல்லாவிட்டால் எல்லா அடியும் ஒரே அடியாகத் தெரியும். குழுவினர் இதை உணர்ந்து, இருபது நிமிடத்தில் இருவர் இருவராக இறங்கிப் போய்க் காய்ச்சிக்கொண்டு வந்தார்கள். கடைசிப் பத்து நிமிடம் மைதானமே எழுந்து நின்றது. அந்தப் பத்து நிமிடம்தான் உண்மையான பறை. ஒரு இரும்புச் சட்டியில் வைக்கோலும் ஒரு வாளித் தண்ணீரும் மேடையின் பக்கவாட்டில் இருந்திருந்தால் ஆட்டம் முழுக்கவே அப்படி இருந்திருக்கும்.

இனி ஒலிபெருக்கி. பறையும் தவிலும் பம்பையும் வெட்டவெளிக்காகவே பிறந்த கருவிகள். நூற்றுக்கணக்கில் கூட்டம் நின்றாலும் மைக் இல்லாமலே போய்ச் சேரும். இங்கே ஒவ்வொரு பறைக்கும் ஒரு அடி தூரத்தில் மைக் வைத்தார்கள். இவ்வளவு நெருக்கத்தில் அடியின் முதல் அதிர்ச்சி மைக்கைத் திணறடித்து, சத்தம் நசுங்கித்தான் வெளியே வரும். பத்தடி தள்ளி, தலைக்கு மேல் உயரத்தில் இரண்டு மைக் போதும். மற்றதைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

இதைவிடப் பெரிய கோளாறு பின்னால் இருந்தது. மேடையிலிருந்து சுமார் 35 மீட்டர் தள்ளி இன்னொரு ஜோடி ஸ்பீக்கர். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஆக, மேடைச் சத்தம் அந்த இடத்துக்கு வர நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். கம்பி வழியே வரும் சத்தமோ அதே நொடியில் பின் ஸ்பீக்கரில் கேட்டுவிடும். அந்தப் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு ஸ்பீக்கரைத் தாமதப்படுத்தி வைக்காவிட்டால், பின்வரிசைக்காரர்களுக்கு ஒவ்வொரு அடியும் இரண்டு அடியாகக் கேட்கும். மெதுவான பாட்டில் இது அவ்வளவாக உறுத்தாது. தவில்காரர் தாளத்தை முடித்துக்காட்டும் தீர்மானத்தை வைக்கும் வேகத்தில் எல்லாம் குழம்பிக் கூழாகிவிடும். நையாண்டி மேளத்தில் அதுதான் நடந்தது. இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு என்று முறையான செட்டு. வாசிப்பில் குறையே இல்லை. மேடைக்கு இடது பக்கம் வேப்பமரத்தடியில் நின்றவர்கள் மட்டும் அதை உள்ளபடி கேட்டார்கள்.

பம்பை உடுக்கைக் குழுவுக்கு ஒதுக்கிய நேரம் இருபத்தைந்து நிமிடம். வட மாவட்டங்களில் அம்மன் கோயில் வர்ணிப்பைக் கேட்டவர்களுக்கு இது எவ்வளவு குறைவு என்று தெரியும். பிள்ளையாரில் தொடங்கி, குருவை வணங்கி, அம்மனை ஒவ்வொரு ஊராக அழைத்து, மெல்ல மெல்லச் சூடேறும் இசை அது. இடுப்பில் கட்டிய இரட்டைப் பம்பையில் ஒன்று மரம், ஒன்று வெண்கலம். இரண்டின் சத்தமும் வேறு வேறு என்பதே காதுக்குப் பிடிபடப் பத்து நிமிடம் வேண்டும். உடுக்கைக்காரர் இடைக்கயிற்றை அழுத்தி அழுத்தி விடும்போது சத்தம் விம்மி விம்மி எழும். கைச்சிலம்பு வேகம் பிடிக்கத் தொடங்கிய நேரத்தில் ‘நேரமாகிவிட்டது’ என்று சீட்டு வந்தது. ஐந்து குழுவை அழைத்து அரை அரை மணி கொடுப்பதைவிட, மூன்று குழுவுக்கு ஒரு மணி நேரம் கொடுப்பதே அந்தக் கலைஞர்களுக்குச் செய்யும் மரியாதை.

இரண்டாம் இரவு இந்தக் குறைகள் எதுவும் இல்லை. மேடையே கிடையாது. வயலைச் சமன்படுத்தித் தண்ணீர் தெளித்த களரி, பின்பக்கம் மேளக்காரர்களுக்கு ஒரு பெஞ்சு, மற்ற மூன்று பக்கமும் சனம். களரிக்கு மேலே கம்பு கட்டி இரண்டு மைக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், முகவீணை. முகவீணைக்கு மைக் வேண்டாம் என்று குழுவின் வாத்தியாரே சொல்லியிருக்கிறார். சரியான முடிவு. ஒரு சாண் சொச்சம் நீளமே உள்ள அந்தக் குழலின் சத்தம் ஊசி மாதிரி. பெருக்கிவிட்டால் பாடுபவரின் சொல்லை மறைத்துவிடும்.

கூத்தைத் தொடங்கிவைக்கும் மேளக்கட்டு பத்து மணிக்கு. கர்ணன் விழும் பதினேழாம் நாள் போர்தான் கதை. இரண்டு பேர் பிடித்த திரைக்கு மேலே கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கைக் காலும் மட்டும் தெரிய, வேடக்காரர் திரைக்குள்ளிருந்தே தன் வரவைப் பாடுகிறார். அந்த உச்ச சுருதியில் பின்பாட்டு சேரும்போது முகவீணை ஒரு படி மேலே ஏறிக் காத்திருக்கிறது. பாட்டு வசனத்துக்கு மாறும் இடைவெளியில் முகவீணைக்காரர் வாயில் வைத்து ஊதும் சீவாளியைக் கழற்றி, நாக்கில் நனைத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகுகிறார். பனியில் ஊறிய சீவாளி பிசிறும். மாற்றுச் சீவாளிகள் குழலிலேயே நூலில் தொங்குகின்றன. ராத்திரி முழுக்க ஒரு பிசிறும் இல்லாமல் போனதற்கு இந்தக் கவனம்தான் காரணம்.

தோளில் கட்டும் புஜக்கட்டையும் கிரீடமும் கல்யாண முருங்கையில் செதுக்கிக் கண்ணாடி பதித்தவை. எடை குறைந்த மரம் என்பதால்தான் அத்தனை கிறுகி (சுழன்று) ஆடியும் வேடக்காரர் மூச்சு வாங்காமல் பாட முடிகிறது. இதை நேரில் பார்க்க வேண்டுமானால் களரியின் வலது அல்லது இடது ஓரத்தில், பெஞ்சுக்குப் பக்கமாக உட்காருங்கள். நேர் எதிரே முதல் வரிசையில் உட்கார்ந்தால் புழுதிதான் மிச்சம். இரண்டு மணிக்கு மேல் கூட்டம் பாதியாகும். அப்போது முன்னால் நகர்ந்துகொள்ளுங்கள், கதையின் கனமான பகுதியே அதற்குப் பிறகுதான்.

மைதான வாசலில் கருவிக் கடை ஒன்று இருந்தது. சுமார் 35 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பறைகள், தோல் போட்டதும் ஃபைபர் போட்டதும். தினமும் பழகுபவர்களும் பள்ளிகளும் ஃபைபர் வாங்கலாம், பனி மழை எதுவும் அதைப் பாதிக்காது. ஆனால் ஒலியில் ஒரு தகரச் சாயல் இருக்கும். தோல் பறை வாங்கினால், கட்டையின் மூன்று மரத்துண்டுகளும் சேரும் இடங்களை அழுத்திப் பாருங்கள், அசையக் கூடாது. பிறகு விளிம்போரம் சுற்றிலும் விரலால் தட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் மந்தமாக ஒலித்தால் பசை விட்டிருக்கிறது என்று பொருள். தவில்கள் பலா மரத்தில் நன்றாகவே கடைந்திருந்தன. பண்ருட்டி பக்கத்தில் இருக்கும்போது பலாவுக்குக் குறையேது.

சாப்பாட்டுக்குக் கம்பங்கூழ், சுண்டல், வறுத்த முந்திரி, சுக்குக் காபி. சுக்குக் காபி மட்டும் ஒரு மணிக்குள் தீர்ந்துவிட்டது. கழிப்பறை பள்ளியில் மட்டும்தான், கூத்து நடந்த வயலிலிருந்து நல்ல நடை தூரம். குழந்தைகளோடு வருபவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள். கொசு உண்டு. ஒரு தார்ப்பாய், ஒரு போர்வை, காது மூட ஒரு துண்டு கட்டாயம். வெறும் பாயில் உட்கார்ந்தால் மூன்று மணிக்கு ஈரம் ஏறிவிடும்.

புதுச்சேரியிலிருந்து வருபவர்கள் கடலூர் வந்து பண்ருட்டிப் பேருந்தில் ஏறலாம். ரயிலில் வந்தால் திருப்பாதிரிப்புலியூரில் இறங்குங்கள், பேருந்து நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் இரவு நிகழ்ச்சி பதினொன்றைத் தாண்டியது, அதன்பிறகு பேருந்தை நம்ப முடியாது, சொந்த வண்டியில் வருவதே நல்லது. கூத்துக்கு அந்தக் கவலை இல்லை. கர்ணன் விழுந்து, மங்களம் பாடி முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கும், முதல் பேருந்தும் வந்துவிடும்.