இஞ்ச் டேப்பும் ஸ்ட்ரீட்மிக்ஸும்: எங்கள் தெருவை வெட்டிப் பார்த்த கதை

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் 22 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் சமாச்சாரத்துக்கெல்லாம் விமர்சனம் எழுதுகிற ஆள் இல்லை. ஆனால் தெருவை வரைந்து பார்க்கிற ஸ்ட்ரீட்மிக்ஸ் என்ற இணையதளம் முழுக்க முழுக்க அளவு வேலை. அளவு எனக்குத் தெரியும்.

இதற்கு முன்னால் ஒரு புகார் செயலியில் மூன்று தடவை போட்டோ ஏற்றினேன். நடக்க இடமில்லை, ஆயாக்கள் வண்டிகளுக்கு நடுவே புகுந்து போகிறார்கள் என்று. மூன்று தடவையும் 'தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ் வந்தது. தெரு அப்படியே இருந்தது. எந்தச் செயலி என்பது இங்கே வேண்டாம். அப்புறம்தான் மகள் லேப்டாப்பில் ஸ்ட்ரீட்மிக்ஸைத் திறந்து காட்டினாள். 2013இல் அமெரிக்காவில், கோட் ஃபார் அமெரிக்கா என்ற அமைப்பு நடத்திய ஹேக்கத்தானில், அதாவது கம்ப்யூட்டர் ஆட்கள் கூடி உட்கார்ந்து புதுசாக எதையாவது செய்து பார்க்கிற கூட்டத்தில், பிறந்ததாம். காசு கிடையாது, கணக்குத் தொடங்காமலே வரைய ஆரம்பிக்கலாம். தெருவைக் கேக் மாதிரி குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியுமோ, அந்தப் படம். நடைபாதை, மரம், விளக்கு, வண்டி நிறுத்தம் எல்லாம் துண்டு துண்டாகக் கிடக்கும். இழுத்து வைத்து அகலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அடியா மீட்டரா என்பது நம் விருப்பம்.

முதலில் தெருவை அளக்க வேண்டுமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு, கார்பெண்டர் தம்பியிடம் வாங்கிய இரும்பு டேப்போடு இறங்கினேன். டீக்கடை அண்ணன் பாய்லரைப் பற்ற வைத்துக்கொண்டே கேட்டார்: "இன்னா டைலரு, ரோட்டுக்கே சட்டை தைக்கப் போறியா?"

சுவருக்குச் சுவர் 7.4 மீட்டர். இரண்டு ஓரமும் மழைநீர் வடிகால் மூடி, ஒவ்வொன்றும் 0.9. மூடி மேல் குடமும் பூந்தொட்டியும் இருப்பதால் யாரும் அதில் நடப்பதில்லை. அதைத் தாண்டி ஒரு பக்கம் பைக் வரிசை 1.8, எதிர்ப்பக்கம் மீன்பாடி வண்டிகள் 1.2. கழித்தால் மிச்சம் 2.6. ஒரு குட்டி யானை லோடு வண்டி நுழைந்தாலே 1.5 போய்விடும். பாக்கி 1.1 மீட்டரில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள், எதிரே வருகிற பைக், 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு தியாகராயா கல்லூரி ஸ்டேஷனில் இறங்கித் துணி எடுக்கப் போகிற கூட்டம், எல்லாம்.

இதைத் திரையில் போட்டதும் பளிச்சென்று தெரிந்தது. இந்தக் கருவியில் எனக்குப் பிடித்ததே அதன் கறார்த்தனம்தான். அளவுக்கு மேல் ஒன்றைச் செருகினால், இவ்வளவு கூடுதல் என்று உடனே சொல்லிவிடும். இருக்கிற துணி இவ்வளவுதான், கையை நீளமாக வெட்டினால் காலருக்குத் துணி இருக்காது என்று கஸ்டமரிடம் நான் தினமும் மல்லுக்கட்டுகிறேன். இங்கே அதைத் திரையே சொல்லிவிடுகிறது, எனக்குத் தொண்டைத் தண்ணீர் மிச்சம்.

நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்பது, சாலைகளுக்கு அளவு வகுக்கிற இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் கணக்கு. மகள் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தாள், பைக்குகள் அம்போ. கடைசியில் ஒரு பக்கம் வடிகால் மூடியையும் சேர்த்து 1.8 நடைபாதை. எதிர்ப்பக்க மூடி மேலேயே பைக்குகளை ஏற்றி 1.8. அதையொட்டி மீன்பாடி வண்டிக்கு 1.2. வண்டி போக அதே 2.6 மிஞ்சியது. இன்று இருக்கிற எதையும் துரத்தாமலே நடக்க இடம் வந்துவிட்டது! அன்றைக்கு மத்தியானம் நான் கடையே திறக்கவில்லை.

குறைகளும் உண்டு. மீன்பாடி வண்டிக்கும் இஸ்திரி வண்டிக்கும் அதில் படம் இல்லை. வேறு எதையோ வைத்து ஒப்பேற்றினோம். பெரிய விஷயம், அது ஒரே ஒரு வெட்டு. இருபது அடி தள்ளி டிரான்ஸ்பார்மர் நிற்கிற இடத்தில் கணக்கே வேறு, அதற்குத் தனியாக இன்னொரு படம் போட வேண்டும். வரைந்ததைத் தானாக எந்த ஆபீசுக்கும் அனுப்பவும் செய்யாது. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முதலிடம் என்று சென்னை மாநகராட்சி 2014லேயே கொள்கை வகுத்தது. 2019இல் தி. நகர் பாண்டி பஜாருக்கு அகலமான நடைபாதை வந்தது. எங்கள் பக்கம் வர, நாம்தான் பேப்பரைத் தூக்கிக்கொண்டு, வார்டு மக்கள் கூடிக் குறை சொல்கிற பகுதி சபைக்குப் போக வேண்டும்.

போவதற்கு முன்னால் கலர் பிரிண்ட் எடுத்து டீக்கடையில் ஒட்டினேன். அண்ணன் தன் பெஞ்சு எங்கே என்றார். 0.6 மீட்டர் போட்டுப் பார்த்தோம், கூடுதல் என்று காட்டியது. நடைபாதையில் கொஞ்சம் நறுக்கச் சொன்னார், மகள் முடியாது என்றாள். அப்போது எதிர்வீட்டு ஆயா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தது.

"ஏன்பா, உன் கடைப் படி இதுல எங்கே?"

படி வடிகால் மூடி மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது. நான் அதை அளக்கவே இல்லை. கடைக்குப் போய் டேப்பை எடுத்து வந்தேன். 45 சென்டிமீட்டர், சரியாக நடைபாதை போட்ட பக்கத்தில். அதையும் படத்தில் சேர்த்தாகிவிட்டது. படியை இன்னும் உடைக்கவில்லை.

ஸ்ட்ரீட்மிக்ஸுக்கு ஐந்துக்கு நாலு. லேப்டாப்பில் பாருங்கள், டேப்பை மறக்க வேண்டாம்.