நாலு பக்கமும் ஒரே மதில் எதற்கு? கொழும்பு வளவுக்கு எது சரி, வேலையை யாரிடம் கொடுப்பது

கொழும்பில் வேலி என்று பேச்சைத் தொடங்கினாலும் கடைசியில் மதிலில்தான் வந்து நிற்கும். 6 பேர்ச், 8 பேர்ச் என்று சின்ன வளவில் கிளுவை நட்டுக் கிடுகு கட்ட இடமும் இல்லை, கட்டித்தர ஆளும் இல்லை. மிஞ்சுவது மூன்று: சீமெந்துக் கல் மதில், வார்த்த கொங்கிறீட் பலகைகளைத் தூண்களுக்கிடையே செருகுகிற ஸ்லாப் மதில், வலைக்கம்பி. தகரம் அடிக்கிறவர்களும் உண்டு, வீட்டு வேலை முடியும்வரை மறைப்புக்கு அது போதும், நிரந்தரத்துக்கு நான் சொல்லமாட்டேன்.

நாலு பக்கமும் ஒன்றையே போடவேண்டும் என்று ஏன்தான் எல்லோரும் நினைக்கிறார்களோ. காசு கரைவதே அதில்தான். றோட்டுப் பக்கத்துக்குக் கேட்டைத் தாங்குகிற தூண் வேண்டும், பார்க்கவும் நன்றாக இருக்கவேண்டும். பின்பக்கம் கானோரமாக இருந்தால் தண்ணீர் ஓட வழி வேண்டும். பக்கத்து வளவுப் பக்கம் மறைப்பு இருந்தால் சரி.

கல் மதிலின் பலம் அதன் அத்திவாரம், செலவும் அதே அத்திவாரம். நீளம் முழுக்க வெட்டவேண்டும், கட்டவேண்டும், பிறகு இரண்டு பக்கமும் பூசவேண்டும். மற்றப் பக்கத்தைப் பூச மேசன் பக்கத்து வளவுக்குள் இறங்கவேண்டும், அதற்கு அந்த வீட்டு அன்ரியிடம் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டுவைப்பது நல்லது, பாதி வேலையில் போய்க் கேட்டால் முகம் வேறு மாதிரி இருக்கும். 4 அங்குலக் கல்லில் நீளமாக, உயரமாக இழுத்துக்கொண்டு போகிறவர்கள் இடையிடையே தூண் வைக்காவிட்டால் அது நிற்பது கடவுள் புண்ணியம். கொலன்னாவை, களனிப் பக்கம் நிரப்பின காணிகளில் இந்தப் பாரம் மெல்லமெல்ல இறங்கி, கல்லுக்குக் கல் படிபடியாக வெடிப்பு ஓடும். கல் வாங்கும்போது மூலையைத் திறப்பால் சுரண்டிப் பாருங்கள். மணல் பொலபொலவென்று கொட்டினால் அந்த லொறியைத் திருப்பி அனுப்பலாம்.

ஸ்லாப் மதிலுக்குத் தூண் நிற்கிற இடத்தில் மட்டும்தான் குழி. தூணின் இரண்டு பக்கமும் காடி இருக்கும், பலகைகளை மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்குவார்கள், வேலை கடகடவென்று முடியும். மாமர வேரை வெட்டத் தேவையில்லை, ஒரு பலகை உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம், எல்லைப் பிரச்சினை வந்தால் கழற்றித் தள்ளி வைக்கவும் முடியும். அழகு குறைவு என்பதை ஒத்துக்கொள்கிறேன், பொருத்தில் நீக்கலும் தெரியும். ஆனால் இரண்டு இடத்தில் இது சரிவராது. ஒன்று கேட்: ஸ்லாப் தூணில் இரும்புக் கேட் தொங்கவிடக் கூடாது. மற்றது, பக்கத்துக் காணி உங்களதைவிட உயரமாக இருக்கிற இடம். மழைக்கு ஊறின மண் தள்ளும்போது அந்த மெல்லிய பலகை வயிறு தள்ளி நிற்கும், அங்கே மண் தாங்குகிற மாதிரி ஒழுங்கான கட்டு வேண்டும். தூண் இறக்கும்போது கம்பி வெளியே தெரிகிறதா, துருக்கறை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், உள்ளே துரு பிடித்து ஊதினால் கொங்கிறீட் பிளந்துகொண்டு வரும்.

வலைக்கம்பிதான் மலிவு. காற்றும் வெள்ளமும் ஊடே போய்விடும், அதனால் தாழ்வான காணியின் பின்பக்கத்துக்கு அதைவிடத் தோதானது இல்லை. ஆனால் கேஜ் எண்ணில் கவனம்: அது கம்பியின் தடிப்பைச் சொல்கிற எண், எண் கூடக்கூடக் கம்பி மெல்லிசு. 10ஆம் கேஜ் சுமார் 3.25 மில்லிமீற்றர், 12 என்றால் 2.64தான். இரும்புச் சாமான் கடைகள் இருக்கிற பழைய சோனகத் தெருவில் விலை விசாரிக்கும்போது கேஜைச் சொல்லிக் கேட்காவிட்டால் இரண்டு கடை விலையை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசையில் காலி வீதிக்குக் கடற்பக்கம் இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். உப்புக்காற்றில் நாகமுலாம் முதலில் போவது வெட்டின முனையிலும் முறுக்கின இடத்திலும். பச்சை பிளாஸ்டிக் உறை போட்டது கொஞ்சம் தாங்கும், உறை கிழிந்த இடத்தில் மட்டும் உள்ளுக்குள்ளே துரு ஓடும்.

என்னைக் கேட்டால் றோட்டுப் பக்கம் கல், பக்கங்களில் ஸ்லாப், தண்ணீர் தேங்குகிற பின்பக்கம் இருந்தால் அங்கே வலை. மூன்று விதமான ஆட்களைப் பிடிப்பது தலையிடிதான், ஆனாலும் மிச்சம் பிடிக்கிற காசுக்கு அது பரவாயில்லை.

அப்புறம் ஆட்கள். நாள்கூலிக்கு மேசன் பாஸும் கையாளும் பிடித்தால், வீட்டில் யாராவது நின்று பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் மூன்று நாள் வேலை ஒரு கிழமைக்கு இழுபடும். கூலியை மட்டும் கொந்தராத்துக்குக் கொடுத்துச் சாமான் நாமே வாங்குவது எனக்குப் பிடித்த முறை, சீமெந்து எத்தனை மூடை போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். வெளிநாட்டில் இருந்துகொண்டு அம்மா அப்பா வீட்டுக்கு மதில் கட்டுவிக்கிறவர்களுக்கு முழுக் கொந்தராத்துத்தான் வழி, கூடப்போகிற காசை நிம்மதிக்குக் கொடுத்ததாக வைத்துக்கொள்ளலாம். ஸ்லாப் என்றால் வார்க்கிற இடத்துக்காரரே பூட்டியும் தருவது நல்லது, பலகை ஒருவர், பூட்டுவது ஒருவர் என்றால் உடைந்ததற்கு யாரும் பொறுப்பில்லை.

விலை கேட்கும்போது ஒருவர் நீள அடிக்குச் சொல்லுவார், இன்னொருவர் சதுர அடிக்கு. 6 அடி உயர மதிலில் இரண்டும் ஆறு மடங்கு வித்தியாசம். "பாஸ், அத்திவாரமும் இதுக்குள்ளயா?" என்று கேட்டால் "அது வேற, சேர்" என்று பதில் வரலாம். பூச்சு ஒரு பக்கமா இரண்டு பக்கமா, பழைய வேலியைக் கழற்றி ஏற்றுவது யார், கேட் தூண் கணக்கில் வருகிறதா, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்றும் எழுதுங்கள். 2022இல் சீமெந்து விலை ஏறின வேகத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கெல்லாம் முன்னால் காணி உறுதியையும் பிளானையும் எடுத்து, நில அளவையாளரைக் கொண்டு எல்லைக்கல்லைச் சரிபாருங்கள். சண்டைக்குப் பயந்து ஒரு அடி உள்ளே தள்ளிக் கட்டுவது பெருந்தன்மை மாதிரித் தெரியும், ஆனால் 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்னும் இருக்கிறது, 10 வருடம் தடையில்லாமல் தன்னுடையதாக ஆண்டுவந்த பக்கத்துக் காணிக்காரர் அந்த ஒரு அடிக்கு உரிமை கேட்கலாம். மாநகர சபையில் மதிலுக்கு அனுமதி எடுக்கப் போகும்போதே வீதிக்கோடு, அதாவது வீதியை அகலமாக்க ஒதுக்கின எல்லை, உங்கள் காணிக்குள் விழுகிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

முற்பணம் சாமான் இறங்குகிற அளவுக்கு மட்டும், அடுத்தது தூணோ அத்திவாரமோ முடிந்தபிறகு, ஒரு பங்கு ஒரு நல்ல மழை பெய்து பார்த்தபிறகு. ஒக்டோபர், நவம்பரில் குழி வெட்டத் தொடங்காதீர்கள், வெட்டுவதைவிடத் தண்ணீர் இறைப்பதற்குத்தான் கூலி போகும்.