கர்நாடக இசை பழகிய காதுக்கு ஏபிள்டன் லைவ் 12 எப்படி?

ஏபிள்டன் லைவ் என்பது கணினியில் இசையைப் பதிந்து அமைக்கும் மென்பொருள். வயலினோ வீணையோ பாட்டோ முறையாகக் கற்றுவிட்டு எலக்ட்ரானிக் இசை அமைக்க வருகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பீட் போடுபவர்களுக்கு லைவ் எவ்வளவு வசதி என்று நிறைய பேர் சொல்லிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: இதில் சுருதி என்ன ஆகிறது, கமகம் என்ன ஆகிறது?

சுருதி விஷயத்தில் 2024ல் வந்த இந்த 12ஆம் பதிப்பு மனதுக்கு நிறைவாக இருக்கிறது. சாதாரண கீபோர்டில் அந்தர காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 400 சென்ட் (கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தள்ளி இருக்கும், ஆனால் தம்பூராவோடு இழைந்து நிற்கும் காந்தாரம் 386 சென்ட் பக்கம், அந்த 14 சென்ட் பலருக்குத் தெரியாமல் போகலாம், தம்பூரா கேட்டே வளர்ந்த காதுக்கு உறுத்திக்கொண்டே இருக்கும். இப்போது ஸ்வர ஸ்தானங்களைக் குறித்துவைக்கும் ஸ்காலா கோப்பு ஒன்றை ஏற்றினால் போதும், லைவோடு வரும் சின்த்கள் (மின்னணு ஒலி எழுப்பும் மென்பொருள் வாத்தியங்கள்) அந்த ஸ்தானங்களுக்கு மாறிவிடும். தனியாக வாங்கிய பிளகின்கள் (லைவோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வாத்தியங்கள்) என்றால் அவற்றுக்கு எம்பிஇ, அதாவது ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக அசைக்கவிடும் முறை, தெரிந்திருக்க வேண்டும். தம்பூரா மாதிரி தொடர்ந்து ஒலிக்கும் ட்ரோன் மேல் ஒரு நீண்ட பேட் (இழுத்து நிற்கும் சின்த் ஒலி) சத்தம் துடிப்பே இல்லாமல் நிற்பதைக் கேட்டால் இதன் அருமை புரியும்.

கமகம்தான் கஷ்டமான இடம். கருவிகளும் கணினியும் ஸ்வரத் தகவலைப் பரிமாறிக்கொள்ள 1983ல் வந்த மிடி முறையில், ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் ஒரு சேனல் முழுவதற்கும் பொது, அதனால் ஒரே சேனலில் ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு காந்தாரத்தை அசைத்தால் இரண்டும் சேர்ந்து ஆடும். எம்பிஇ ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனி சேனல் தருகிறது, லைவ் 11லிருந்தே இது உண்டு. ஒரு ஸ்வரத்தைத் தேர்ந்தெடுத்து அதன் வளைவை மவுஸால் வரையலாம். வரையலாம்தான், ஆனால் தோடி காந்தாரத்தை வரைந்து பாருங்கள், அசைவு வரும், தோடி வராது. எங்கே நிற்க வேண்டும், எந்த வேகத்தில் இறங்க வேண்டும் என்பதெல்லாம் கைக்குத் தெரிந்த விஷயம், கண்ணால் பார்த்து வரைய முடியாது. சீபோர்டு, லின்ஸ்ட்ரூமெண்ட் மாதிரி விரல் வழுக்கும் கருவி இருந்தால் வாசித்தே பதிவு செய்யுங்கள். இல்லையா, உங்கள் வாத்தியத்தையே மைக் வைத்து ஆடியோவாகப் பதிந்து அதன்மேல் எஃபெக்ட் போடுங்கள். இத்தனை வருட சாதகத்தை மவுஸிடம் ஒப்படைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

ஆடியோ பதிவு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும்: ‘ஆட்டோ-வார்ப் லாங் சாம்பிள்ஸ்’ என்று ஒரு அமைப்பு உண்டு, ஆலாபனையைக் கொண்டுவருவதற்கு முன் அதை அணைத்துவிடுங்கள். தாளமே இல்லாத இடத்தில் அது ஒரு டெம்போவைக் கண்டுபிடிக்கப் பார்க்கும், பிடிப்புகளின் நீளம் மாறி ராகத்தின் மூச்சே போய்விடும்.

எனக்கு மிகப் பிடித்தது செஷன் வியூ, அதாவது கிளிப் எனப்படும் இசைத் துண்டுகளை நினைத்த வரிசையில் ஒலிக்கவிடும் திரை. 2001ல் லைவை முதலில் வெளியிட்டவர்களில் கெர்ஹார்ட் பெலஸ், ராபர்ட் ஹென்கே இருவரும் பெர்லினில் மோனோலேக் என்ற பெயரில் எலக்ட்ரானிக் இசை செய்தவர்கள், அந்த மேடைப் பழக்கம் இதில் நன்றாகத் தெரிகிறது. ஒரு பல்லவி வரியை எடுத்து ஒவ்வொரு சங்கதியையும் ஒரு கிளிப்பாகக் கீழே கீழே அடுக்கி, வாசிக்கும்போதே எதை எப்போது விடுவது என்று முடிவு செய்யலாம். கச்சேரியில் நாம் செய்கிற மனோதர்மத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வரும் வேறு மென்பொருளை நான் பார்த்ததில்லை.

தாளத்தில் ஆதி, மிஸ்ர சாபு, கண்ட சாபு எல்லாம் சுலபம், சாபு இரண்டுக்கும் முறையே 7/8, 5/8 என்று போட்டால் ஆச்சு. ஒரு அடியை ஐந்தாகப் பிரிக்கும் கண்ட நடைக்குத்தான் கிரிட் (திரையில் காலத்தைப் பிரித்துக் காட்டும் கோடுகள்) உதவாது, அது இரண்டு, மூன்றின் கணக்கில் மட்டுமே பிரிக்கும். ஒரு ஸ்வரத்தை ஐந்தாக வெட்டும் வசதி 12ல் இருப்பதால் சமாளிக்கலாம். ஸ்டாஃப் நொட்டேஷன் வேண்டுமென்பவர்களுக்கு இது சரிப்படாது, அந்தப் பக்கமே இதில் கிடையாது.

அப்புறம் லேட்டன்சி, அதாவது வாசிப்பதற்கும் அது காதில் கேட்பதற்கும் இடையிலான தாமதம். கணினி ஒலியைச் சேர்த்து அனுப்பும் அளவான பஃபரை 128 சாம்பிளில் வையுங்கள், 44.1 கிலோஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 2.9 மில்லிசெகண்ட். போகவர இரண்டும், இன்டர்ஃபேஸ் எடுக்கும் நேரமும் சேர்ந்தாலும் கை தடுமாறாது.

எந்தப் பதிப்பு? மெல்ட் சின்த், சொந்தமாகக் கருவிகள் உருவாக்க உதவும் மேக்ஸ் ஃபார் லைவ் எல்லாம் முழுப் பதிப்பான ஸ்வீட்டில் (Suite) இருக்கின்றன, ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் தொடக்கப் பதிப்பான இன்ட்ரோவிலேயே 16 டிராக் வருகிறது. தம்பூரா, வயலின், ஒரு பேஸ், கொஞ்சம் தாளவாத்தியம் என்று முதல் சில உருப்படிகளை அதிலேயே முடித்துவிட்டு, எது போதவில்லை என்று தெரிந்த பிறகு மேலே போகலாம்.