வேலைக்கான தளத்தில் வீட்டுப் பேச்சு: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மருந்துத் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பத்து வருடங்களுக்கும் மேலாக லிங்க்ட்இன் போன்ற தொழில்முறைத் தளங்களைப் பயன்படுத்தி வருகிறேன். நான் வேலை மாறியதும் சரி, பிறகு எங்கள் குழுவுக்கு ஆள் தேடியதும் சரி, பெரும்பாலும் இவற்றின் வழியாகத்தான். "இந்தத் தளங்கள் ரொம்பவே அரட்டைக்களம் ஆகிவிட்டனவா?" என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை, திறந்ததும் பதிவுகள் வரிசையாக வரும் ஃபீட் அப்படி ஆகிவிட்டது, மற்ற பகுதிகள் ஆகவில்லை. பேச்சு இலகுவானதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்தப் பேச்சுக்கு நடுவே தெரிந்தவர்களின் செய்தி நம் கண்ணில் படாமல் போகிறதே, அதுதான் என் குறை.

இது ஒரே நாளில் நடந்த மாற்றமும் இல்லை, பயனர்கள் மட்டும் செய்த மாற்றமும் இல்லை. லிங்க்ட்இன் 2003 மே மாதம் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபோது, அது படித்த படிப்பு, பார்த்த வேலை, தெரிந்த ஆட்கள் ஆகியவற்றைப் பதிந்து வைக்கும் இடம். பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்தார்கள். 2012-இல் ஒருவரின் திறமைக்கு ஒரே கிளிக்கில் சான்றளிக்கும் வசதி வந்தது. என் கணக்கில் இலகுத்தன்மை அங்கேதான் தொடங்கியது. அதுவரை ஒருவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டுமென்றால் உட்கார்ந்து நாலு வரி பரிந்துரை எழுத வேண்டும். எழுதும்போதே, இவரைப் பற்றி உண்மையில் நமக்கு என்ன தெரியும் என்று யோசிக்க வேண்டியிருக்கும். கிளிக்குக்கு அந்த யோசனை தேவைப்படவில்லை. 2014-இல் யார் வேண்டுமானாலும் நீண்ட கட்டுரை வெளியிடலாம் என்று ஆனது. 2017-இல் வீடியோ, 2019-இல் விதவிதமான ரியாக்‌ஷன்கள், 2020-இல் ஒரு நாளில் மறையும் ஸ்டோரிகள், 2022-இல் சிரிப்பு ரியாக்‌ஷன், 2024-இல் புதிர் விளையாட்டுகள். ஸ்டோரிகளை மட்டும் 2021-லேயே நிறுத்திவிட்டார்கள். இத்தனை வசதிகளைச் செய்து கொடுத்துவிட்டு, மக்கள் ஏன் இங்கே வீட்டுக் கதை பேசுகிறார்கள் என்று கேட்பது நியாயமில்லை.

இலகுவான பேச்சால் நடந்த நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குறை சொல்பவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் வேலை போனால் அதை மறைப்பார்கள். புரொஃபைலில் பழைய நிறுவனத்தின் பெயர் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். 2020-இல் 'வேலைக்குத் தயார்' என்ற பச்சை வளையத்தைப் புகைப்படத்தைச் சுற்றிப் போடும் வசதி வந்தது. 2022-இல் வேலை இடைவெளியையும் அதன் காரணத்தையும் புரொஃபைலிலேயே எழுத இடம் கொடுத்தார்கள். என்னோடு முன்பு வேலை பார்த்த ஒரு தோழி, அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக ஆய்வகத்தை விட்டு நின்றவர். திரும்பி வந்தபோது அதை ஒளிக்காமல், உருக்கமும் சேர்க்காமல், நாலே வரியில் எழுதினார். எந்தக் கருவிகளில் பழக்கம் உண்டு, எதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்தே எழுதியிருந்தார். அந்தப் பதிவின் கீழேயே பழைய மேலாளர் ஒருவர் அவருடைய வேலையைப் பற்றி உறுதியாகச் சொன்னார். அவருக்கு வேலை கிடைத்தது. கோட்டு போட்டுக்கொண்டு பேசும் பழைய நடையில் இது நடந்திருக்க வழியில்லை.

எங்கள் துறைக்குள்ளும் அப்படித்தான். கலவையில் உள்ள பொருட்களைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி கருவியில் பீக் (வரைபடத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் எழும் மேடு) ஏன் இரண்டாகப் பிளக்கிறது என்று ஒரு இளைஞர் படத்தோடு கேட்பார். எல்லா பீக்கும் பிளந்தால் பிரிப்புக் குழாயின் வாய்ப்பகுதியைப் பார், ஃபில்டர் அடைத்திருக்கும் அல்லது உள்ளே பள்ளம் விழுந்திருக்கும் என்பார் ஒருவர். முதலில் வரும் பீக் மட்டும் பிளந்தால் மாதிரியைக் கரைத்த கரைப்பானைச் சந்தேகப்படு என்பார் இன்னொருவர். அப்புறம் மூன்றாமவர் வந்து, தன் ஆய்வகத்தில் ஒரு வாரம் இதோடு மல்லுக்கட்டிய கதையைச் சொல்வார். பாடப்புத்தகத்தில் இது இந்த வரிசையில் கிடைக்காது. பட்டம், பதவி பார்க்காமல் கேள்வி கேட்கும் தைரியம் வந்ததற்குக் காரணம் இந்த இலகுவான சூழல்தான். இதை இழக்க நான் தயாராக இல்லை.

ஆனால் இப்படிப்பட்ட பதிவுகள் ஏன் குறைவாக இருக்கின்றன? இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். என் வேலையில் எனக்கு உண்மையிலேயே சுவாரசியமான விஷயங்களில் பெரும்பகுதியை வெளியே எழுத முடியாது. எந்த மருந்து, எந்த வாடிக்கையாளர், எந்தத் தொகுதி சோதனையில் தவறியது, ஏன் தவறியது என்பதெல்லாம் ரகசிய ஒப்பந்தத்துக்குள் வருபவை. மென்பொருள், வங்கி, சட்டம் என்று எந்தத் துறையை எடுத்தாலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். தொடர்ந்து எழுதினால்தான் கண்ணில் படுவாய் என்று தளம் சொல்கிறது, வேலையைப் பற்றி எழுதாதே என்று நிறுவனம் சொல்கிறது. இடையில் மாட்டிக்கொண்டவருக்கு மிச்சமிருப்பது என்ன? காலை ஓட்டம், குழந்தையின் பிறந்தநாள், அதிலிருந்து கற்ற தலைமைப் பண்பு. தனிப்பட்ட பதிவுகள் பெருகியதற்கு மக்களின் விளம்பர ஆசையைவிட இது பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன். அதனால் அப்படி எழுதுபவர்கள் மீது எனக்குக் கோபம் வருவதில்லை.

வரிசைப்படுத்தும் முறை இதை இன்னும் தள்ளிவிடுகிறது. ஒரு பதிவில் வாசகர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதையும் கணக்கில் எடுப்பதாக லிங்க்ட்இன் பொறியாளர்கள் 2020-இல் விளக்கினார்கள். பதிவின் முதல் சில வரிகள்தான் தெரியும், மீதியைப் படிக்க 'மேலும்' என்பதைத் தட்ட வேண்டும். ஒரு வரி, ஓர் இடைவெளி, மறுபடி ஒரு வரி என்று எழுதும் பாணி இங்கே செழித்ததற்கு இது போதுமான காரணம். "நேற்று என்னை வேலையை விட்டு நீக்கினார்கள்" என்று முதல் வரி இருக்கும். தட்டிப் பார்த்தால் அது எப்போதோ நடந்தது, கடைசியில் ஒரு பயிற்சி வகுப்புக்கு அழைப்பு. துக்கத்தைத் தூண்டிலில் கோர்ப்பது என்னால் ஏற்க முடியாத ஒன்று. நாளைக்கு உண்மையிலேயே வேலை இழந்த ஒருவர் அதே வரியை எழுதினால், நாம் தட்டாமல் நகர்ந்துவிடுவோம்.

அறிவும் ஆலோசனையும் தரும் பதிவுகளுக்கு முன்னுரிமை கொடுப்பதாக 2023-இல் அந்த நிறுவனமே சொன்னது. அது நல்ல முடிவு. ஆனால் அதே காலத்தில் இயந்திரமே பதிவை எழுதிக் கொடுக்கும் வசதிகளும் வந்துவிட்டன. யார் எழுதினாலும் ஒரே குரலில் ஒலிக்கும் ஆலோசனைப் பதிவைவிட, எழுத்துப்பிழையோடு ஒருவர் தன் நாளைப் பற்றி எழுதுவதையே நான் விரும்பிப் படிக்கிறேன்.

இனி என் பெரிய குறைக்கு வருகிறேன். இதில் எந்தத் தளத்தையும் குறிப்பிட்டுச் சொல்ல விரும்பவில்லை. முன்பு ஒரே ஆய்வகத்தில் பக்கத்து மேசையில் இருந்தவர், நான் நன்கு அறிந்த துறையிலேயே வேலை தேடிக்கொண்டிருந்தார். அதை அவர் பதிவாகவும் போட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்தது பல வாரங்கள் கழித்து, வேறொருவர் பேச்சுவாக்கில் சொன்னபோதுதான். அதற்குள் எங்கள் குழுவில் இருந்த காலியிடம் நிரம்பிவிட்டது. அந்த வாரங்களில் என் ஃபீடில் வந்தவை எல்லாம், முன்பின் தெரியாத ஆட்களின் வாழ்க்கைப் பாடங்கள்.

இது ஏன் பெரிய இழப்பு என்றால், இந்தத் தளங்கள் நிற்பதே அரைகுறை அறிமுகங்களின் மேல்தான். வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது சந்திக்கும் அறிமுகங்கள் வழியாகத்தான் அதிகம் வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் எழுதினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், தூரத்து அறிமுகம்தான் புதுச் செய்தி கொண்டுவரும். சுமார் 2 கோடி லிங்க்ட்இன் பயனர்களை வைத்து நடந்த ஆய்வு 2022-இல் சயன்ஸ் இதழில் வெளியானது. மிக நெருங்கியவர்களும் இல்லாமல், முற்றிலும் அந்நியரும் இல்லாமல், இடையில் நிற்கும் அறிமுகங்கள்தான் வேலை மாற அதிகம் உதவுகின்றன என்று அது காட்டியது. என் பழைய சகா அப்படிப்பட்ட அறிமுகம். எல்லாருக்கும் பிடித்த ஒரு கதை அவரிடம் இல்லை, அதனால் அவருடைய பதிவு என்னிடம் வந்து சேரவில்லை.

இளையவர்கள் படும் அழுத்தத்தையும் பார்க்கிறேன். நேர்காணலில் நான் ஒருபோதும் யாருடைய பதிவு எண்ணிக்கையையும் கேட்டதில்லை. ஆனால் எழுதாதவர்கள், தாங்கள் பின்தங்கிவிட்டதாக நினைக்கிறார்கள். சோதனைக் குறிப்பேட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் ஒருவர், சொந்த வாழ்க்கையைக் கடைபரப்ப மனமில்லாத காரணத்தால் தன்னைக் குறைவாக நினைக்கக் கூடாது. இதை என் குழுவில் அடிக்கடி சொல்கிறேன்.

நான் பயன்படுத்தும் முறை இப்போது மாறிவிட்டது. லிங்க்ட்இன் அமைப்புகளில் ஃபீடைப் புதியவை முதலில் வரும்படி மாற்றலாம், மாற்றிவிட்டேன். தொடர்பைத் துண்டிக்காமலே ஒருவரைப் பின்தொடர்வதை மட்டும் நிறுத்தலாம், மற்றவருக்கு அது தெரியாது. இதைத் தயங்காமல் செய்கிறேன். நான் தவறவிடக் கூடாத ஆட்களின் புரொஃபைலில் மணி அடையாளத்தைத் தட்டி எல்லாப் பதிவுக்கும் அறிவிப்பு வரும்படி வைத்திருக்கிறேன். விளையாட்டுகளைத் தொடுவதில்லை, அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இவற்றைவிட அதிகம் பயன்படுவது, ஃபீடைத் திறக்காமல் நேரே தேடல் பெட்டிக்குப் போவதுதான். பழைய சகாக்களின் பெயரைத் தட்டி, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்து, இரண்டு வரி செய்தி அனுப்புகிறேன். "எப்படி இருக்கிறீர்கள், அந்தப் பழைய கருவி இன்னும் ஓடுகிறதா?" என்ற அளவில்தான் இருக்கும். பதில் பெரும்பாலும் வருகிறது, அதுவும் மனம் விட்டு வருகிறது. வேலை தேடுகிறேன் என்று பொதுவெளியில் சொல்லக் கூச்சப்படும் பலர், இந்தச் செய்திகளில்தான் என்னிடம் முதலில் சொல்லியிருக்கிறார்கள்.