முன்பாரம், பின்பாரம்: ஏற்காட்டு வளைவுகளில் டிரெய்லரோடு மூன்று ஆண்டுகள்

என் தாத்தா ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக்கிழங்கு ஏற்றி ஜவ்வரிசி ஆலைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். மூட்டைகளை அடுக்கி முடித்ததும், மாடுகளைப் பூட்டும் முன் நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். சுலபமாக எழும்பினால் பின்பாரம். மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். அசையவே மறுத்தால் முன்பாரம், கழுத்து புண்ணாகும். இரண்டு மூட்டைகளை இப்படியும் அப்படியும் நகர்த்தி, மறுபடி தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். சிறுவனாக இருந்தபோது அதை ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்தேன். தொப்பூர்க் கணவாயில் என் டிரெய்லர் வாலாட்டிய நாளில்தான் அந்தக் கை நினைவுக்கு வந்தது.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இழுப்பது 2.5 லிட்டர் டீசல் இசுசு வி-கிராஸ் பிக்கப், ஐந்து கியர். இழுபடுவது பதினோரு அடி நீளம், ஒற்றை அச்சு, உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், பின்கதவைத் திறந்தால் அடுப்பு. லாரிகளுக்குக் கூண்டு கட்டும் ஊர்கள் சேலத்துக்கு அருகிலேயே இருப்பதால் செய்துகொள்வதில் சிரமம் இருக்கவில்லை. 2022 இறுதியில் கைக்கு வந்தது. இதுவரை ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். தனிப் பதிவு எண், தனிக் காப்பீடு. தெருவில் இதற்கு வைத்த பெயர் "சின்ன வீடு". மாமியார் வந்திருக்கும்போது மட்டும் டிரெய்லர் என்றே சொல்கிறோம்.

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, மலை ஏறுமா என்பது. ஏறும். அதைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை. 320 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை உள்ள எஞ்சினுக்கு 800 கிலோ ஒரு சுமையே அல்ல. லிட்டருக்குப் பதினொன்று கொடுத்த வண்டி எட்டு கொடுக்கும், அவ்வளவுதான். மூன்று ஆண்டுகளில் எனக்கு வந்த தொல்லைகள் எல்லாம் இறங்கும்போதும், நிறுத்தும்போதும், பின்னால் எடுக்கும்போதும் வந்தவை.

தொப்பூர்க் கதை இது. பெங்களூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். தர்மபுரி தாண்டி இறக்கம், வேகம் 75. வலப்பக்கம் ஒரு பஸ் முந்திச் சென்றது. அதன் காற்று டிரெய்லரை முதலில் தள்ளியது, பிறகு இழுத்தது. ஸ்டீயரிங்கில் லேசான ஒரு உதறல். கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லரின் இடது விளிம்பு தெரிகிறது, மறைகிறது, வலது விளிம்பு தெரிகிறது. நான் பிரேக்கை மிதித்தேன். அதுதான் தவறு. முன்வண்டி வேகம் குறைய, பின்வண்டி அதன் முதுகில் வந்து முட்ட, ஆட்டம் இரண்டு மடங்கானது. பயத்தில் காலை எடுத்துவிட்டேன். ஸ்டீயரிங்கை ஆட்டத்துக்கு ஏற்பத் திருப்பாமல் நேராகப் பிடித்துக்கொண்டேன். எஞ்சினே வேகத்தைக் குறைத்தது. 50க்கு வந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் டிரெய்லர் பின்னால் ஒழுங்காக வந்தது. ஓமலூர் வரை மனைவி பேசவில்லை. பிறகு, "என்னங்க, அந்தத் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டு வந்திருக்கலாமே?" என்றார்.

அறுபது லிட்டர் தொட்டி, பின்கதவுக்குக் கீழே. அதற்கு மேல் அடுப்பு, கேஸ் சிலிண்டர், மடக்கு நாற்காலிகள். எல்லாம் அச்சுக்குப் பின்னால். மறுநாள் எடை மேடையில் ஏற்றினேன்: டிரெய்லர் மட்டும் 790 கிலோ. பிறகு வீட்டில் உடல் எடை பார்க்கும் கருவியை, டிரெய்லரின் மூக்கில் பிக்கப்போடு பூட்டிக்கொள்ளும் கப்ளிங் தலைக்கு நேர்கீழே ஒரு மரக்கட்டையோடு வைத்து, டிரெய்லரைச் சமமாக நிறுத்தி அளந்தேன். முகப்பில் இறங்கிய பாரம் 34 கிலோ. மொத்த எடையில் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. இருக்க வேண்டியது பத்து முதல் பதினைந்து. தாத்தா ஒற்றைக் கையால் கண்டுபிடித்திருப்பார்.

சிலிண்டரை முன்முகப்புக்கு மாற்றினேன், நாற்காலிகளைப் படுக்கைக்குக் கீழே முன்பக்கம் தள்ளினேன், தொட்டியைப் பயணத்தின்போது காலியாக வைக்கிறேன். இப்போது 90 கிலோ. அதிகமாக்கவும் கூடாது: என் கப்ளிங்கில் பொறித்திருக்கும் உச்சம் 100 கிலோ, அதோடு பிக்கப்பின் பின்புறம் அமுங்கினால் முன்சக்கரங்களின் பிடிப்பு குறையும், இரவில் விளக்கொளி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு அதே தொப்பூரில் நான்கு முறை இறங்கிவிட்டேன். லாரிகள் முந்துகின்றன, ஸ்டீயரிங் சும்மா இருக்கிறது. 60க்கு மேல் போவதில்லை என்பதும் ஒரு காரணம்.

முதல் சில மாதங்கள் இன்னொரு தொல்லை இருந்தது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பின்னால் "டக்" என்று ஒரு சத்தம். பிக்கப்பின் பின்னால் டோ பார், அதாவது இழுவைக் கம்பி, பொருத்திய பட்டறையில் கிரீஸ் தடவினால் போய்விடும் என்றார்கள். தடவினேன். "டக்" சற்று வழுவழுப்பானது. கடைசியில் லேத் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் நுட்பமாக அளக்கும் வெர்னியரைக் கொண்டுவந்து அளந்தார். பிக்கப்பின் டோ பாரில் இருந்த, கப்ளிங் கவ்விக்கொள்ளும் இரும்புப் பந்து 50 மில்லிமீட்டர். டிரெய்லரின் கப்ளிங் இரண்டு அங்குலப் பந்துக்கானது, அதாவது 50.8. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, ஆனால் அந்த இடைவெளியில்தான் 790 கிலோ ஒவ்வொரு முறையும் முன்னால் வந்து மோதிக்கொண்டிருந்தது. கப்ளிங்கையே 50 மில்லிமீட்டருக்கு மாற்றிய பிறகு சத்தம் இல்லை. பந்திலும் கப்ளிங்கிலும் அளவு பொறித்திருக்கும். நான் வாங்கிய அன்றே குனிந்து படித்திருக்கலாம்.

மாட்டும் வேலை எங்கள் வீட்டில் இரண்டு பேர் வேலை. கப்ளிங் பந்தில் உட்கார்ந்து, பூட்டுக் கைப்பிடி விழுந்து, ஊசியும் போட்ட பிறகு, டிரெய்லரின் மூக்கைத் தாங்கும் முன்சக்கர ஜாக்கியை மறுபடி சுற்றி மூக்கை உயர்த்துவேன். பிக்கப்பின் பின்புறம் சேர்ந்து எழும்பினால் பூட்டு பிடித்திருக்கிறது. டிரெய்லரின் மூக்கு மட்டும் தனியாக எழும்பினால் கப்ளிங் பந்தின் மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஒரு முறை அப்படி எழும்பியிருக்கிறது. பூட்டு விழுந்த சத்தத்தை நான் தெளிவாகக் கேட்டிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அதன் பிறகு மனைவி குரல் கொடுப்பார்: சங்கிலி? விளக்கு? ஜாக்கி மேலே ஏறிவிட்டதா? சங்கிலிகள் இரண்டையும் கீழே குறுக்காக, பெருக்கல் குறிபோல மாட்டுகிறோம். கப்ளிங் கழன்றாலும் மூக்கு தார்ச்சாலையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும். கொண்டை ஊசி வளைவில் இழுபடாத அளவுக்கு நீளம் வேண்டும், தரையில் உரசாத அளவுக்குக் குறைவாகவும் வேண்டும். விளக்குக் கம்பிக்கும் இதே கணக்குதான். முதல் கம்பி ஏற்காடு போய் வருவதற்குள் தேய்ந்து அறுந்தது.

இனி மலை. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். டிரெய்லரின் சக்கரம் பிக்கப்பின் சக்கரம் போன வழியில் வராது, வளைவின் உட்புறமாகக் குறுக்கே வெட்டும். அதனால் உட்பக்க வளைவுகளில் வெளியே தள்ளிப் போய்த் திரும்ப வேண்டும். வெளியே தள்ளிப் போகும் இடத்தில்தான் எதிரே பஸ் வரும். ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை வழக்கம். ஆனாலும் வளைவுக்கு முன்பே நின்று, ஹாரன் அடித்து, மேலேயிருந்து வருவது போன பிறகே திரும்புகிறேன். பின்னால் பைக்கில் வருபவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும். மே மாதக் கோடை விழா நாட்களில் டிரெய்லரை அந்தப் பக்கம் எடுத்துப்போவதே இல்லை.

எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்ற பழைய பாடம் பிக்கப்புக்குச் சரி. டிரெய்லருக்கு அது போதவில்லை. என்னுடையதில் இருப்பது உந்து பிரேக்: பின்வண்டி முன்வண்டியைத் தள்ளும்போது கப்ளிங் அமுங்கி, அந்த அழுத்தமே டிரெய்லரின் பிரேக்கைப் பிடிக்கும். சமவெளியில் அருமையான ஏற்பாடு. இறக்கத்தில் டிரெய்லர் தள்ளிக்கொண்டே இருக்கும். நான் பெடலைத் தொடாமல் இரண்டாம் கியரில் இறங்கினாலும், பின்னால் பிரேக் உரசிக்கொண்டே வரும். முதல் முறை பாதி மலை இறங்குவதற்குள் கருகிய வாடை வந்தது. பிக்கப்பின் சக்கரங்கள் சாதாரணச் சூட்டில் இருந்தன. டிரெய்லரின் டிரம் அருகே கையைக் கொண்டுபோக முடியவில்லை. இப்போது இறங்கும்போது அகலமான ஓரங்களில் இரண்டு முறை நிறுத்தி ஆறவிடுகிறேன். குரங்குகள் வரும் என்பதால் ஜன்னலை மூடிக்கொண்டு. இன்னொரு டிரெய்லர் வாங்கினால் மின் பிரேக்தான் வாங்குவேன். பின்வண்டியை மட்டும் தனியாகப் பிடித்து நிறுத்தும் வசதி அன்று தொப்பூரில் இருந்திருந்தால் எனக்கு இரண்டு நரைமுடி குறைந்திருக்கும்.

உந்து பிரேக்கின் அடுத்த குணம் நாகலூர்ச் சாலையில் ஒரு தோட்டத்து வாசலில் தெரிந்தது. ஏற்றத்தில் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. பின்னால் தள்ளினாலும் கப்ளிங் அமுங்கத்தானே செய்யும்? டிரெய்லர் பிரேக் பிடித்துக்கொண்டு அசைய மறுத்தது. என் கிளட்ச் நாறியது. அதைத் தடுக்க கப்ளிங்கில் ஒரு சிறு தாழ்ப்பாள் இருக்கிறது. போட மறந்திருந்தேன். பிறகு வந்த டிரம்களில் பின்னால் எடுக்கும்போது பிரேக் தானாகவே விடுபடும் என்கிறார்கள், என்னுடையதில் கையால்தான்.

பின்னால் எடுக்க ஒரே உத்தி: ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் கையை வைப்பது. கை போகும் பக்கம் டிரெய்லரின் பின்புறம் போகும். "இடது, வலது" என்று வழிகாட்டி இரண்டு முறை சண்டை போட்ட பிறகு மனைவி இப்போது "பலாமரப் பக்கம், கிணற்றுப் பக்கம்" என்றே சொல்கிறார். தகராறு இல்லை.

செய்தித்தாளில் அரசியல்வாதிகள் போடும் முட்டுக்கட்டையை நாங்கள் உண்மையாகவே போடுகிறோம், சக்கரத்துக்கு இரண்டாக, கப்ளிங்கைக் கழற்றுவதற்கு முன்பு. மலையில் சமதரை போலத் தெரியும் எதுவும் சமதரை அல்ல.

பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை பேரிங்குக்குக் கிரீஸ். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் எண்பது கிலோமீட்டர் போனதும் நட்டுகளை மறுபடி முறுக்குவது. டயர் காற்றைக் காலையில், ஓடும் முன் பார்ப்பது.

சென்ற மாதம் கன்னங்குறிச்சியில் இருக்கும் மைத்துனர் பொங்கல் விடுமுறைக்கு டிரெய்லரைக் கேட்டார். புதிதாக டோ பார் பொருத்தியிருக்கிறாராம். வெர்னியரோடு போனேன். 50.8. "மாப்பிள்ளை, பந்தை மாற்றிவிட்டுச் சொல்லுங்கள்" என்றேன். சின்ன வித்தியாசம்தானே மச்சான் என்றார், இன்னும் மாற்றவில்லை. டிரெய்லர் எங்கள் வாசலில்தான் நிற்கிறது.