அம்மாவின் யூரின் பிரச்னைக்கு நான் கட்டி ஏமாந்த 42,000 ரூபாய்

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 61 வயது. எட்டு மாதமாக யூரினை அடக்க முடியாமல் தவித்திருக்கிறார், ஒருவரிடமும் சொல்லவில்லை. பஸ் ஏற வேண்டிய நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். பழைய காட்டன் புடவையைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்வார். சித்தி மகள் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

ஆபரேஷன் இல்லாமல் சரிசெய்வதாக போனில் விளம்பரம் வந்தது. தனியார் கிளினிக். அங்கிருந்த ஆலோசகர் பெண் கதவைச் சாத்திவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மாவுக்கும் இதேதான் ஆன்ட்டி, வெட்கப்படாதீங்க" என்றார். அம்மா அழுதுவிட்டார். அந்த அழுகையைப் பார்த்துத்தான் நான் நம்பினேன். காந்த நாற்காலியில் (உட்கார்ந்தால் காந்த அலை இடுப்புத் தசையைச் சுருங்கி விரிய வைக்குமாம்) பத்து சிட்டிங், இன்றே கட்டினால் 42,000, நாளைக்கு என்றால் 60,000. கார்டைத் தேய்த்தேன். டாக்டர் யாரும் பார்க்கவில்லை. ஒரு யூரின் டெஸ்ட்கூட எடுக்கவில்லை.

பத்தும் முடிந்தது. கசிவு நிற்கவில்லை, எரிச்சல் வேறு சேர்ந்துகொண்டது. போன் செய்தால் "உடம்பு ஏத்துக்க டைம் ஆகும் சார்". அப்புறம் "மேடம் மீட்டிங்ல இருக்காங்க". நேரில் போனால், "ஆன்ட்டி வீட்ல பயிற்சி செஞ்சிருக்க மாட்டாங்க". என்ன பயிற்சி? ஒன்றுமே சொல்லித்தரவில்லையே! இன்னும் ஐந்து சிட்டிங் எடுங்கள், 18,000 என்றார்கள். 42,000-ஐத் திருப்பிக் கேட்டால், நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டுகிறார்கள்.

நேற்று அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "இருமினா, தும்மினா போகுதா? இல்ல, பாத்ரூம் போய்ச் சேர்றதுக்குள்ள போயிடுதா?" இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறாம். டெஸ்டில் கிருமித்தொற்று தெரிந்தது, சுகர் 312. அம்மாவுக்குச் சுகர் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. சுகர் கூடினால் யூரின் அதிகமாகப் போகும், தொற்றும் எளிதில் வரும் என்றார். முதலில் இதைச் சரிசெய்வோம், கூடவே யூரினை அடக்க உதவும் இடுப்புத் தசைகளுக்கான பயிற்சி, மூன்று மாதமாவது விடாமல் செய்யணும் என்று செய்தும் காட்டினார். எங்களுக்கு ஆன செலவு ஆட்டோ காசு. அங்கே 42,000!

விரிவாக எழுத இப்போது தெம்பில்லை. யூரின் டெஸ்டும் சுகர் டெஸ்டும் எடுக்காமல் பேக்கேஜ் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கட்டாதீர்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் இன்று காலை புகார் கொடுத்துவிட்டேன்.