என் நாள் பன்னிரண்டு மணிக்கு முடிவதில்லை

கரூரிலிருந்து ஒரு தம்பி போன வாரம் கேட்டிருந்தார்: "அக்கா, நீங்க தினசரி இலக்கு வெச்சு டிக் அடிக்கிற அந்த ஆப், வருசச் சந்தா பாதி விலைக்கு வந்திருக்கு. வாங்கிரலாமா?" அவரும் என்னைப் போல ஜிஎஸ்டி, வருமான வரி வேலை பார்ப்பவர். போனில் இரண்டு வரியில் பதில் சொல்ல வரவில்லை. மூன்று வருடமாகக் காசு கொடுத்துப் பயன்படுத்துகிறேன். ஆப்பின் பெயரை எழுதவில்லை. நான் பேசப் போவது தினசரி இலக்கு என்ற அந்த ஒரு வசதியைப் பற்றித்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிழைப்பே தேதிதான். 7ஆம் தேதி டிடிஎஸ், அதாவது பிடித்தம் செய்த வரியைக் கட்ட வேண்டும். 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு), 15 பிஎஃப், இஎஸ்ஐ, 20 ஜிஎஸ்டிஆர்-3பி (மாதக் கணக்கைச் சுருக்கிக் காட்டி வரி கட்டும் ரிட்டர்ன்). காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் சின்ன பார்ட்டிகள் (எங்கள் வாடிக்கையாளர்கள்) என்றால் 13, 22, 25 என்று வேறு வரிசை. திருப்பூரில் பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, ஜாப் வொர்க் என்று கலந்து நாற்பது பார்ட்டிகள் என்னிடம் இருக்கிறார்கள். முன்பு மேசைக் காலண்டரில் சிவப்பு மையில் சுழித்து வைப்பேன். ஆப்பில் ஒருமுறை "ஒவ்வொரு மாதமும் 20" என்று அடித்தால் போதும், அது பாட்டுக்கு வந்து நிற்கிறது.

அதிலேயே இன்னொரு நுணுக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. திரும்பத் திரும்ப வரும் வேலையை, குறித்த தேதியிலிருந்தும் எண்ணலாம், முடித்த நாளிலிருந்தும் எண்ணலாம். 3பி எப்போது போட்டாலும் அடுத்தது 20தான். ஆனால் வண்டி சர்வீஸ் அப்படி இல்லை. பத்து நாள் தள்ளி விட்டால் அடுத்த சர்வீஸும் பத்து நாள் தள்ளிப் போக வேண்டும். இந்த வித்தியாசம் புரிந்த பிறகு வீட்டு வேலைகளையும் இதிலேயே போட்டுவிட்டேன். வாட்டர் ஃபில்டர் மாற்றுவது, மாமியாரின் சர்க்கரைப் பரிசோதனை எல்லாம் இதில்தான்.

தினசரி இலக்குக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு இத்தனை வேலை என்று எண் கொடுக்க வேண்டும். கொடுத்ததை முடித்தால் அந்த நாள் பச்சையாகும். விடாமல் முடித்த நாட்களைச் சேர்த்துத் தொடராகக் காட்டும். நான் எட்டு வைத்தேன், ஞாயிறு விடுமுறை. மேலே ஏறும் அந்த எண்ணுக்கு உண்மையிலேயே பலம் இருக்கிறது. தலைவலி வந்த நாட்களில்கூட அதற்காக உட்கார்ந்திருக்கிறேன். போன நவம்பரில் தொடர் 211 நாளைத் தொட்டது.

நவம்பர் 20. அன்றைய எட்டு வேலையும் எட்டு பார்ட்டிகளின் 3பி. மாலைக்குள் ஏழு முடிந்தது. எட்டாவது பார்ட்டி பர்ச்சேஸ் பில்களைக் கொண்டு வந்ததே ராத்திரி ஒன்பதரைக்கு. விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலான 2பி 14ஆம் தேதியே வந்துவிடுகிறது, ஆனால் பில் கையில் இல்லாமல் எதை வைத்து ஒப்பிடுவது? உட்கார்ந்து, வாங்கியதில் கட்டிய வரிக்கான கிரெடிட்டைச் சரிபார்த்து, சலான் போட்டு, ஃபைல் செய்யப் போனால் ஓடிபி அவருடைய போனுக்குப் போகிறது. மனிதர் அசந்து தூங்கிவிட்டார். நாலாவது தடவை அடித்தபோதுதான் எடுத்தார். 11.52க்கு, ஃபைல் ஆனதற்கு அடையாளமான ஏஆர்என் எண் வந்தது. ஒரு நாள் தாமதத்துக்கு 50 ரூபாய் என்று ஓடும் அபராதம் தப்பியது. ரசீதைச் சேமித்து, அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு டிக் அடித்தேன். மணி 12.06.

தொடர் பூஜ்யம். 20ஆம் தேதி, எட்டுக்கு ஏழு, தவறியது. அந்த எட்டாவது டிக் 21ஆம் தேதிக் கணக்கில் போய் உட்கார்ந்துவிட்டது. முடித்த நேரத்தைத் திருத்த வழியே இல்லை. அந்த வருடத்தில் நான் அதிகம் உழைத்த நாட்களில் அது ஒன்று. அதைப் போய் தவறிய நாள் என்று காட்டினால் வயிறு எரியாதா? உதவிப் பிரிவுக்கு விவரமாக எழுதினேன். "உங்கள் கருத்தைக் குழுவிடம் தெரிவித்திருக்கிறோம்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு புதிய வண்ணத் தீம்கள் வந்தன. நாள் எப்போது முடியும் என்பதை மாற்ற இன்றுவரை வசதி வரவில்லை.

செய்யவே முடியாத காரியமா இது? என் தங்கை போட்டித் தேர்வுக்கு அங்கி (Anki) என்ற கேள்வி-பதில் அட்டை ஆப்பில் படிக்கிறாள். ஆண்ட்ராய்டில் அது இலவசம். அதில் அடுத்த நாள் எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் என்று ஓர் அமைப்பே இருக்கிறது. நாம் தொடாமல் விட்டால் விடிகாலை 4 மணி. ராத்திரி ஒரு மணிக்குப் படித்தாலும் முந்தைய நாள் கணக்குத்தான். நம் பஞ்சாங்கமும் நாளைச் சூரிய உதயத்திலிருந்துதான் எண்ணுகிறது. ராத்திரி 12 மணி அரசாங்கக் கெடுவுக்குச் சரி. தூங்கி எழுவதை வைத்து நாளைப் பிரிக்கும் மனுசிக்கு அது எப்படிப் பொருந்தும்?

இலக்கு எண்ணே மாதம் முழுவதும் ஒன்றுதான் என்பது அடுத்த குறை. 20ஆம் தேதி எட்டு என்பது மலை. 23ஆம் தேதி அதே எட்டைத் தொடுவதற்காகக் கரண்ட் பில், பேங்குக்கு போன் என்று சில்லறை வேலைகளைத் தனித்தனியாக எழுதி டிக் அடித்திருக்கிறேன். அந்தச் சமயத்தில் ஒரு பார்ட்டிக்கு வந்திருந்த, ரிட்டர்னில் உள்ள முரண்பாட்டுக்கு விளக்கம் கேட்கும் ஏஎஸ்எம்டி-10 நோட்டீஸுக்குப் பதில் எழுத 30 நாள் இருந்தது. பத்தொன்பது நாள் தள்ளித் தள்ளிப் போட்டேன். அந்தப் பத்தொன்பது நாளும் ஆப்பில் பச்சை. பதிலை நேரத்துக்குக் கொடுத்துவிட்டேன், ஆனால் அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இப்போது இலக்கை மூன்றாகக் குறைத்துவிட்டேன். காலையில் காபி குடிக்கும்போதே எந்த மூன்று என்று டைரியில் எழுதிவிடுகிறேன். அதில் ஒன்றாவது நான் தள்ளிப்போட நினைக்கும் வேலையாக இருக்கும்.

தம்பி, தேதிகளை இவ்வளவு சுலபமாகக் கையாளும் வேறு ஆப்பை நான் பார்க்கவில்லை. இருந்தாலும் சந்தா கட்டாதீங்க. தேதி வசதி இலவசப் பதிப்பிலேயே இருக்கிறது, அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தினசரி இலக்குக்குத்தான் காசு, நம் வேலைக்கு அது ஒத்துவராது. என் சந்தா மார்ச் வரை இருக்கிறது. அதற்குள் நாள் முடியும் நேரத்தை மாற்றும் வசதி வந்தால் முதலில் உங்களுக்குத்தான் போன் செய்வேன், 20ஆம் தேதி தவிர.